சாப்பாட்டுக்குப் பிறகும் காலியாகாத நாற்காலிகள்

பரிசோதனைக் குழு வந்து இறங்க இன்னும் நாற்பத்தொரு மணி நேரமே இருந்தபோது, சான் எலிகியோ மாநாட்டு மையத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்பது இயக்குநர் தியோடுலோவுக்கு நினைவு வந்தது.

அவர் மறந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் மாநாடுகள் மற்றும் கூட்டங்கள் ஈர்ப்புத் துறையின் இயக்குநர். அலுவலகம் நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மாநாட்டு மையத்துக்குப் போக வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. அங்கே இதுவரை மாநாடு எதுவும் நடக்கவில்லை.

சான் எலிகியோ நடுத்தர அளவு நகரம். மணிலா மாதிரி நெரிசலும் கிடையாது, மீனவக் கிராமம் மாதிரி அமைதியும் கிடையாது. இந்தக் குறையையே பலமாக்கிவிடலாம் என்று நகர மன்றம் ஒருநாள் தீர்மானித்து, மாநாட்டு மையத்தைக் கட்டியது. விளம்பரப் பலகைகளில் மேயரின் முகம் போக மிஞ்சிய இடத்தில், இங்கிருந்து சுற்றுலா நகரமான செபு விமானத்தில் நாற்பது நிமிடம், வெள்ளை மணல் கடற்கரை இரண்டரை மணி நேரம், எரிமலை மூன்று மணி நேரம் என்று அச்சடித்திருந்தார்கள். நகரத்தின் சிறப்புகள் எல்லாமே வேறு எங்கோ இருந்தன.

போன வருடம் புயலில் ஆறு ஊருக்குள் வந்தது. ஆற்றங்கரைக் குடும்பங்களை லாரியில் ஏற்றிவந்து மையத்தில் இறக்கினார்கள். மூன்று நாள் இருங்கள் என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. நூடுல்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சுவர் வைத்துக்கொண்டு, திரைச்சீலையை வாசலாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தங்கிவிட்டது.

கிரிசாந்தா வெள்ளத்துக்கு முன் படகுத்துறையில் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்றவள். மையத்துக்கு வந்தபோது அவளுடைய மகள் நிறைமாதம். பேத்தி இங்கேயே, பெரிய அரங்கின் பின்னறையில் பிறந்தாள். அரங்கின் கதவில் 'ப்ளெனரி ஹால்', அதாவது பிரதிநிதிகள் எல்லாரும் கூடும் அரங்கு, என்று எழுதியிருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரியார் பெயரை இரண்டு தடவை கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு 'ப்ளெனாரியா' என்று எழுதிக்கொண்டார்.

கிரிசாந்தாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு கதவு. உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளக் கூடிய சாதாரணக் கதவு. மையத்தில் இருந்ததோ, யார் வந்தாலும் தானாகத் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு. அதை மூடி வைக்க எவராலும் முடியவில்லை. இரவில் நாய் வந்தால்கூட அது மரியாதையாகத் திறந்து வழிவிட்டது.

இந்தக் கதவுதான் இப்போது தியோடுலோவுக்கும் திறந்தது. அவர் கையில் மெகாஃபோன் இருந்தது.

"எல்லாரும் ரெண்டு நாளைக்கு எங்கயாவது போயிருங்க!" என்றார்.

பக்கத்துத் தடுப்பில் இருக்கும் உர்பானோ எழுந்து வந்தார். முன்னாள் டிரைசைக்கிள் ஓட்டி. டிரைசைக்கிளை ஆறு எடுத்துக்கொண்டது, அதற்கு முன்பே வயது பற்களை எடுத்துக்கொண்டிருந்தது. நான்கு பாக்கி.

"எங்கயாவது போக இடம் இருந்தா நாங்க ஏன் சார் இங்க வந்திருக்கோம்?"

"கூடைப்பந்து மைதானம்?"

"அழகிப் போட்டி ஒத்திகை நடக்குது சார்."

"சர்ச்?"

"அங்க பெயின்ட் அடிக்கறாங்க. மேயரோட மக கல்யாணம்."

தியோடுலோ அங்கிருந்த ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. வரப்போவது தேசிய வீட்டுவசதி அதிகாரிகள் சங்கத்தின் இடத்தேர்வுக் குழு. அவர்களுடைய ஆண்டு மாநாட்டுக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள். ஆனால் சங்கத்தின் விதிப்படி, நடந்துகொண்டிருக்கும் ஒரு மாநாட்டைக் குழு கண்ணால் பார்த்த பிறகே இடத்துக்கு ஒப்புதல் கிடைக்கும். அதாவது, ஒரு நகரத்துக்கு முதல் மாநாடு கிடைக்க வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே மாநாடு நடந்துகொண்டிருக்க வேண்டும். இதை யோசித்து யோசித்து அவருக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை.

அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். மண்டபம் நிறைய ஆட்கள். நாற்காலிகளில், பாய்களில், படிகளில். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டு, அவர் அடுத்து என்ன சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"நீங்கல்லாம் யாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளத்துல வந்தவங்க சார்," என்றாள் கிரிசாந்தா.

"இல்ல மனாங்," என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். "நீங்கல்லாம் பல் டாக்டருங்க."

வெள்ளத்துக்கு முந்தைய வருடம் பல் மருத்துவர்கள் சங்கம் சான் எலிகியோவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் கடல் இருக்கிற ஊருக்குப் போய்விட்டது. அவர்களுக்காக அச்சடித்த அடையாள அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடங்கில் இருந்தன. 'டாக்டர்' என்று போட்டு, பெயருக்கு இடம் விட்டிருந்தது.

"நாங்க நடிச்சா எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றார் உர்பானோ.

"வீடு. மலையடிவாரத்துல கட்டப்போறாங்கல்ல, அந்த வீடு. குழு ஓகே சொன்ன மறுநாள் முதல் சாவி உங்களுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க இங்க குடியிருக்கீங்கங்கற வார்த்தை யார் வாயிலேர்ந்தும் வரக் கூடாது. வந்தா, சாவி இல்ல."

"கதவு இருக்குமா சார்?" என்றாள் கிரிசாந்தா.

"எதுக்கு?"

"வீட்டுக்கு. தாழ்ப்பாளோட."

"ரெண்டு கதவு மனாங். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

அந்த நிமிடமே கிரிசாந்தா பல் மருத்துவரானாள்.

வேலைகள் வேகமாக நடந்தன. அட்டைப் பெட்டித் தடுப்புகளை இடிக்கவில்லை. மேலே ஒரு நீலத் துணியைச் சுற்றியதும் அவை கண்காட்சிக் கூடங்கள் ஆயின. நிவாரணப் பையில் இருந்த மத்தி மீன் டின்னையும் நூடுல்ஸையும் சோப்பையும் மேயர் முகம் போட்ட புதுப் பைக்கு மாற்றி, 'மாநாட்டுப் பிரதிநிதித் தொகுப்பு' என்று பெயர் வைத்தார்கள். பழைய பையிலும் மேயர் முகம்தான் இருந்தது. புதியதில் சிரிப்பு கொஞ்சம் அதிகம். கொடிக் கயிற்றில் காய்ந்த துணிகளை மட்டும் எடுக்க முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, வேறு துணி யாரிடமும் இல்லை.

பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு முழுநாளை தியோடுலோ ஒதுக்கியிருந்தார். இருபது நிமிடத்தில் அது முடிந்துவிட்டது. இத்தனை மாதங்களில் ஒரு கிலோ அரிசிகூட மேடைப் பேச்சு இல்லாமல் அவர்களுக்கு வந்ததில்லை. ஜெபத்துக்கு எழுந்திருப்பது, தேசிய கீதம், மாகாணப் பாட்டு, நகரப் பாட்டு, மேயர் பெயர் காதில் விழுந்ததும் கைதட்டுவது, புகைப்படத்தில் பையை நெஞ்சுவரை தூக்கிப் பிடிப்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். துறை ஊழியர்கள்தான் நகரப் பாட்டின் இரண்டாவது அடியை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஒரே பிரச்சினை உர்பானோ.

"மனோங், அண்ணே, சிரிக்கும்போது வாயை மூடிக்குங்க. பல் டாக்டருக்குப் பல்லு வேணாமா?"

"முடி வெட்டறவன் தன் தலையைத் தானே வெட்டிக்கறானா சார்?"

தியோடுலோ அடுத்த தடுப்புக்கு நகர்ந்தார்.

குழுவின் தலைவி பெயர் புரிஃபிகாசியோன். ஆனால் நாடு முழுவதும் அவரை மேடம் பூரிங் என்றே அழைத்தார்கள். இருபத்திரண்டு வருடங்களாகச் சங்கத்துக்கு இடம் தேர்வு செய்பவர். அவருக்குப் பின்னால் இரண்டு உறுப்பினர்கள், அவருடைய கைப்பையையும் குடையையும் சுமந்தபடி வந்தார்கள். வாசலில் முரசு வாசித்தார்கள், மாலை போட்டார்கள், பள்ளிப் பெண்கள் மூங்கில் நடனம் ஆடினார்கள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. "நல்ல வசதி," என்றார் மேடம்.

உள்ளே மேயர் வரவேற்புரை ஆற்றினார். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவரின் பதவியையும் சொல்லி வணங்கவே அரைமணி நேரம் ஆனது. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மற்ற நகரத்தார் எங்களிடம் கடல் இருக்கிறது என்பார்கள், மலை இருக்கிறது என்பார்கள். அதெல்லாம் கவனச்சிதறல்! எங்கள் நகரத்தில் ஒரு பிரதிநிதி மண்டபத்தைவிட்டு வெளியே போவதற்கு ஒரு காரணம்கூடக் கிடையாது. இந்த நிலையை எட்டுவதற்கு என் குடும்பம் மூன்று தலைமுறையாக உழைத்திருக்கிறது!"

பல் மருத்துவர்கள் கைதட்டினார்கள். சரியான இடத்தில், சரியான நீளத்துக்கு.

பிறகு மேடம் பூரிங் கண்காட்சிக் கூடங்களைச் சுற்றிப் பார்த்தார். தியோடுலோ ஒரு அடி முன்னால் நடந்தார்.

"மேல தொங்குறதெல்லாம் என்ன?"

"பங்கேற்கிற மாவட்டங்களோட கொடி மேடம்."

"அந்தப் பூப்போட்டது?"

"தெற்குக் கரை."

"கால் ரெண்டு இருக்கே?"

"அது தீவு மாவட்டம் மேடம். ரெண்டு தீவு."

கிரிசாந்தாவின் தடுப்புக்கு வந்தார்கள். பாய், பானை, குழந்தை இயேசு படம், தொட்டிலில் ப்ளெனாரியா.

"குழந்தைகள் பல் பராமரிப்புப் பிரிவு," என்றார் தியோடுலோ. மேடம் தொட்டிலுக்குள் விரலை நீட்டினார். ப்ளெனாரியாவுக்குப் போன வாரம்தான் ஒரு பல் முளைத்திருந்தது. அதைக்கொண்டு செய்ய முடிந்ததைச் செய்தாள்.

"ஆ! நேரடிச் செயல்விளக்கம்!" என்று மேடம் விரலை உதறினார். "பேரு என்ன?"

"ப்ளெனாரியா மேடம்."

மேடத்தின் கண்கள் கலங்கின. "என் வாழ்க்கைல இப்படி ஒரு அர்ப்பணிப்பை நான் பார்த்ததில்ல. டாக்டர், நீங்க எந்த ஊரு?"

கிரிசாந்தா தியோடுலோவைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"பக்கத்துலதான் மேடம்."

"தங்கற இடம் எப்படி?"

"விசாலமா இருக்கு."

"அங்கேர்ந்து மண்டபத்துக்கு வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

கிரிசாந்தா யோசித்தாள். பொய் சொல்வதில் அவளுக்குப் பயிற்சி போதாது.

"நேரமே ஆகாது மேடம். கண்ணத் தொறந்தா மண்டபம்."

மேடம் தன் மதிப்பெண் தாளில் தங்குமிடத்துக்கு எதிரே பத்துக்குப் பத்து போட்டார். பின்னால் இருந்த உறுப்பினர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மேடம், செபுவுக்கே நீங்க ஏழுதான் போட்டீங்க," என்றார்.

மதிய உணவில் சின்ன ஆபத்து வந்தது. மேடத்துக்குக் கடைவாய்ப் பல்லில் ஆறு மாதமாக வலி. அவர் உட்கார்ந்த மேசையில் உர்பானோ இருந்தார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இதைக் கொஞ்சம் பார்க்கறீங்களா?"

உர்பானோ கோழிக் கால் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, மேடத்தின் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார்.

"புடுங்கிரலாம்."

"வேற வழி?"

"நானும் எல்லாத்தையும் அப்படித்தான் பண்ணேன் மேடம். இப்ப வலியே கிடையாது." வாயைத் திறந்து காட்டினார்.

தியோடுலோவின் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. மேடம் பூரிங் எழுந்து நின்று உர்பானோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மணிலாவுல எந்த டாக்டர் இதைச் செய்வான்? தன் வைத்தியத்தைத் தனக்கே பண்ணிப் பார்த்திருக்காரு!"

ஆனால் உண்மையான பரிசோதனை அதற்குப் பிறகுதான். மாநாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு. மதிய உணவு முடிந்ததும் பிரதிநிதிகள் காணாமல் போய்விடுவார்கள். கடைத்தெருவில், கடற்கரையில், மசாஜ் நிலையத்தில் கழுத்தில் அட்டையுடன் அகப்படுவார்கள். மண்டபத்தில் பேச்சாளரும், அவருடைய மனைவியும், தூங்குகிற ஒருவரும் மிஞ்சுவார்கள். மேடம் பூரிங் இருபத்திரண்டு வருடங்களாக எல்லா நகரங்களிலும் இரண்டு மணிக்கு யாருக்கும் சொல்லாமல் மண்டபத்துக்குத் திரும்பி வந்து பார்ப்பார். எல்லா நகரங்களும் அங்கேதான் தோற்றன.

அன்றும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார்.

ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. மேடையில் ஒரு நகராட்சிப் பொறியாளர், வேறு யாரும் கிடைக்காததால், கழிவுநீர்க் குழாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பல் மருத்துவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கும் கேட்டார்கள். நான்கு மணிக்கும் கேட்டார்கள். பேச இனி எதுவும் இல்லை என்று பொறியாளர் கெஞ்சும் குரலில் சொன்னபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

மேடம் கடைசி வரிசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏன் யாருமே போகல?" என்று பக்கத்தில் இருந்த கிரிசாந்தாவிடம் கிசுகிசுத்தார்.

"எங்க மேடம் போறது?"

"அதேதான்," என்றார் மேடம், பரவசமாக. "அதேதான்! போகணும்னே உங்களுக்குத் தோணல!"

மாலையில் நிறைவு விழா. முடிவை அங்கேயே அறிவிக்கப் போவதாக மேடம் சொன்னார். அறிவித்ததும் பிரதிநிதிகள் சார்பில் டாக்டர் கிரிசாந்தா சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். தியோடுலோ அவசரமாக நான்கு வரி எழுதிக் கிரிசாந்தாவிடம் கொடுத்தார்.

"இதை அப்படியே படிங்க மனாங். வேற எதுவும் வேணாம். முடிஞ்சுது, நாளைக்கு சாவி."

கிரிசாந்தா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றாள். மகள் கீழே முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்குப் பின்கதவு என்ன நிறத்தில் இருக்கும் என்று மத்தியானம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பச்சை என்று மகள் சொல்லியிருந்தாள்.

மேடம் பூரிங் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! தேசிய வீட்டுவசதி அதிகாரிகள் சங்கம் தன் மாநாட்டைக் கண்ட கண்ட இடத்தில் நடத்துவதில்லை. எங்கள் பணி முழுமையடைந்த ஊரில்தான் நாங்கள் கூடுவோம். சான் எலிகியோ அப்படிப்பட்ட ஊர்! போன வருடம் இங்கே வெள்ளம் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்."

பல் மருத்துவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"வீடிழந்த குடும்பங்கள் அனைத்தும் உறுதியான கூரையின்கீழ் பத்திரமாகக் குடியமர்த்தப்பட்டுவிட்டன என்று உங்கள் மேயர் எங்களுக்கு எழுதினார். எங்களுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு வேகமா! உடனே மலையடிவாரக் குடியிருப்புத் திட்டத்தை முடிந்த திட்டமாக அறிவித்தோம். ஒரு செங்கல்கூட வைக்காமல் முடிந்த திட்டம் நாட்டிலேயே இது ஒன்றுதான்! அதற்காக எங்களுக்கு விருதும் கிடைத்தது. அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று யோசித்தோம். மாநாட்டுக்கு வருகிறவர்கள் கோல்ஃப் விளையாட இடம் வேண்டும் என்று மேயர் கேட்டார். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டோம்!"

மேயர் பெயர் காதில் விழுந்தது. வழக்கமாகக் கைதட்டும் இடம். யாரும் தட்டவில்லை.

கிரிசாந்தா பக்கத்தில் நின்ற தியோடுலோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார். வீடு?"

"எனக்குத் தெரியாது மனாங், சத்தியமா. நான் மாநாட்டுத் துறை." அவர் உதடு மட்டும் அசைந்தது. "வீடு வேற துறை."

"நாளைக்கு சாவின்னீங்களே."

"சாவி எங்க துறைலதான் செய்யச் சொல்லியிருந்தோம். விழாவுக்கு. பெரிசா, அட்டைல."

மேடையில் மேடம் இரண்டு கைகளையும் விரித்தார். "எனவே, அடுத்த ஆண்டு எங்கள் மாநாடு நடக்கவிருக்கும் நகரம், சான் எலிகியோ!" மேலே இருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. இசைக்குழு வாசிக்கத் தொடங்கியது. மேயர் மேடத்தைக் கட்டிப்பிடித்தார். ஈர்ப்புத் துறை ஊழியர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் மட்டும் அசையவில்லை. உர்பானோ வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த நாளில் முதல்முறையாக யாரும் அவரை மூடச் சொல்லவில்லை. மகள் மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"இப்போது பிரதிநிதிகள் சார்பில், டாக்டர் கிரிசாந்தா!"

கிரிசாந்தா மைக்குக்கு நடந்தாள். மைக் உயரமாக இருந்தது. ஒரு ஊழியர் ஓடிவந்து அதை இறக்கி வைத்தார். தாளைப் பிரித்தாள். 'மதிப்புக்குரிய' என்று தொடங்கியிருந்தது. அதை மறுபடி மடித்தாள்.

"வெக்கப்படாதீங்க டாக்டர்," என்று மேடம் பூரிங் அவள் தோளில் கை வைத்தார். "முதல்ல எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கன்னு சொல்லுங்க. அதைத்தான் காலைலேர்ந்து நீங்க சரியாவே சொல்லல."

தியோடுலோ மேடை ஓரத்திலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இசைக்குழு நிறுத்தியது.

"நான் டாக்டர் இல்ல மேடம். வாழப்பழம் பொரிச்சு விக்கறவ. இவங்க யாருமே டாக்டர் இல்ல." மைக்கை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மேயர் உங்களுக்கு எழுதுன உறுதியான கூரை இதுதான் மேடம். வெள்ளத்துல வீடு போனவங்க நாங்கதான். நாங்க இங்க குடியிருக்கோம்."